பன்னிரண்டு தட்டுகள், அல்லது பதினொன்று

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் கருவிப் பை, சட்டைப் பையில் சின்ன டார்ச். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "இந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குதா சார்?" என்றார்.

"கேக்குது. அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்."

அவர் ப்ளக்கைப் பிடுங்கினார். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது.

"இப்போ?"

"இப்போ இல்ல."

"எனக்கு இருக்கு," என்றார்.

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும். உட்காரச் சொன்னேன், டீ போட்டேன். மனிதாபிமானம் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கையில் சூடான டீயை வைத்திருப்பவர் சட்டென்று எழுந்து போகமாட்டார் என்பது என் அனுபவம். அன்று மூன்று டீ போட்டேன். [நேர்மைக்காக: இரண்டாவது டீ முடிந்ததும் அவர் "கிளம்பறேன் சார்" என்றார். நான் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.]

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"அவர் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறி" — அடித்துவிட்டேன். காது இரைச்சலைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் முதலில் சில்வண்டைத்தான் பிடித்து வருகிறார்கள்.

"பட்டறையில் கேஸ் சிலிண்டரின் வால்வு தெறித்தபோது அவர் அதிலிருந்து ஓரடி தூரத்தில் நின்று" — இது நன்றாக வந்தது. அரைப் பக்கம் ஓடியது. ஒரே குறை, அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், நாலு மணிக்கு எழுந்தார், இடது காதில் சத்தம் இருந்தது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து, சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார். நான் மூன்று விதமாகக் கேட்டும் இதற்குமேல் காரணம் தேறவில்லை. வால்வு தெறித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் 'காது'. "ஃபோன ஃப்ரிட்ஜ்கிட்ட கொண்டு போங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, இங்கிருந்தே கேட்டுவிட்டு, ஃபேன் மோட்டாரா ரிலேயா என்று சொல்லிவிடுவார். பட்டறை முதலாளி பெருமையாக, "காதை அனுப்பி வைக்கிறேன்" என்பார். அந்தக் காதில்தான் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

"எப்படி இருக்கும் அந்தச் சத்தம்?" என்று கேட்டேன்.

"தேஞ்சுபோன கம்ப்ரசர் முனகற மாதிரி. அதான் சார் கஷ்டமே."

3

கஷ்டம் என்று அவர் சொன்னது இதை. சத்தம் வந்த இரண்டாம் வாரம் ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி குறைவு. காதை வைத்தார், கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னார், மறுநாள் வேறு கம்ப்ரசர் வைத்தார். அதுவும் அதேபோல முனகியது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முனகல் அவரோடு சேர்ந்து மாடிப்படி இறங்கி வந்தது.

அவர் கழற்றி எடுத்துவந்த கம்ப்ரசர் பட்டறையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கோளாறு வெறும் ஐஸ் அடைப்பு. திரும்பப் போய் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, "பரவாயில்லப்பா, எனக்கும் ஊசியில நூல் கோக்கறப்ப ரெண்டு ஊசி தெரியுது" என்றாராம். [இது நானாகச் சேர்த்ததுபோல இருக்கிறது, தெரியும். சேர்க்கவில்லை.]

முதலாளியிடம் மட்டும் அவர் இதுவரை சொல்லவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அன்றிலிருந்து என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

4

காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். மெல்லிய சத்தங்கள் சில கேட்கவில்லை. "இதுக்குன்னு மருந்து இல்ல, போகப் போகப் பழகிடும்," என்றார் டாக்டர். "ரொம்பச் சத்தத்துலயும் இருக்காதீங்க, ரொம்ப அமைதியிலயும் இருக்காதீங்க."

இந்த வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும். மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். ஒரு கரண்டி விழுந்தால் அவருக்கு அரை நாள் இரைச்சல் கூடியது. குக்கர் விசில் அடித்தால் மறுநாள் வரை. எனவே எவர்சில்வர் தட்டுகள் பரணுக்கு ஏறின, பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. நாற்காலிக் கால்களுக்கு மகளின் பழைய சாக்ஸ். குக்கருக்குக் கட்டாய ஓய்வு. மிக்ஸியை மனைவி இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் இவர்கள் படுக்கையறைக்கும் ஒரே சுவர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்தே தின்றாள், கடித்தால் சத்தம் வருமே என்று.

வீடு அமைதியானது. அமைதியானதும் காதில் இருந்தது நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்டதும் இன்னும் அமைதி வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். அன்று மாலை மகள் நோட்டில் எழுதி நீட்டினாள்: 'அப்பா, மணி என்ன?'

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"மெதுவா வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார்.

அந்த மாதம் அந்த வீட்டில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். மகள் அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள்.

5

மனைவியின் பாத்திரத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். மூன்று பிரதிகளிலும் அவர் பொறுமையின் வடிவமாகவே வந்து நின்றார். "அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனம் ஒரு" — இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷி எங்கே இருக்கிறாள்?

கிளினிக்கில் இருந்திருக்கிறார். கணவரின் ஃபோனிலிருந்து என் எண்ணை எடுத்து ஒரு நாள் அங்கிருந்து கூப்பிட்டார்.

"நீங்கதான் எங்க வீட்டப் பத்தி எழுதறவரா?"

"ஆமாங்க. பேரெல்லாம் போடல."

"பேரு கெடக்குது. என்னை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

படித்துக் காட்டினேன். பின்னணியில் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்தார்கள்.

"பொறுமையா. யாரு, நானா," என்றார். பிறகு, "இங்க காலையிலேருந்து இந்தச் சத்தம். வீட்டுக்குப் போனா பூனை மாதிரி நடக்கணும். எனக்குன்னு ஒரு சத்தம் போட இடமே இல்லீங்க. புதன்கெழம கிளினிக் லீவு. அவரு வேலைக்குப் போயிட்டாரு, பொண்ணு ஸ்கூலுக்குப் போயிட்டா. பரண்லேருந்து அந்தத் தட்டையெல்லாம் எறக்கினேன். சமையலறையில நின்னு, தலைக்கு மேல தூக்கி, ஒவ்வொண்ணாப் போட்டேன். ஒண்ணு ஆடி அடங்கினப்புறம்தான் அடுத்தது. பன்னெண்டு தட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கழுவித் தொடச்சு ஏத்தி வெச்சுட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, எம்மேல இவ்ளோ கோவமான்னு நெனப்பாரு. கோவமெல்லாம் இல்லீங்க. இத எழுதிடாதீங்க."

"எழுதமாட்டேன்," என்றேன்.

[எழுதிவிட்டேன்.]

6

ஃப்ரிட்ஜில் ஒன்றுமில்லை. இருந்தாலும் அவரை மறுபடி வரச் சொன்னேன். கதவு சரியாக மூடவில்லை என்று ஒரு பொய். அவர் கதவை ஒருமுறை திறந்து மூடினார், என்னைப் பார்த்தார், டீ வருவதற்குள் தானாகவே உட்கார்ந்தார்.

"ஒரு புதன்கெழம, கேஸ் அளக்கற கேஜ வீட்லயே மறந்துட்டுப் போயிட்டேன்," என்று ஆரம்பித்தார். "எடுக்க வந்தேன். மூணாவது மாடி ஏறி, சாவியக் கையில எடுத்தப்ப உள்ள ஒரு தட்டு விழுந்துச்சு. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிட்டேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கை தவறினா இப்படி வரிசையா விழாதே சார். புரிஞ்சுபோச்சு. படியில உக்காந்துட்டேன். பதினொன்னு எண்ணினேன்."

நான் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் டீயைப் பார்த்தேன்.

"காதுக்கு என்ன ஆச்சு?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். தட்டு விழுந்துட்டிருந்த வரைக்கும் காதுல எதுவுமே இல்ல. எட்டு மாசத்துல மொத தடவ." டம்ளரைக் கீழே வைத்தார், வழக்கம்போல் சத்தம் வராமல். "அப்புறம் மூணு நாள் ஜாஸ்தியாயிடுச்சு. அது வேற."

"உள்ள போயிருக்கலாமே."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? அத்தன நாள் அடக்கி வெச்சிருந்திருக்கா. நான் போய் நின்னா அதையும் பாதியில நிறுத்திடுவா சார்." எழுந்து பையை மாட்டினார். "நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். இரண்டாவது சரி.

* பன்னிரண்டா பதினொன்றா என்று கேட்பீர்கள். முதல் தட்டு விழுந்தபோது அவர் இரண்டாம் மாடியில் இருந்திருக்கலாம். அவர் மனைவி ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. இரண்டு எண்ணையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: சாப்பிடும்போது மனைவி உண்மையைச் சொல்கிறார், கணவர் "தெரியும்" என்கிறார், இருவர் கண்ணிலும் நீர். எழுதும்போது எனக்கும் வந்தது. அதனாலேயே அதை நம்பவில்லை.

இரண்டு: அவர் பரணிலிருந்து தட்டுகளை இறக்கி மேசையில் வைக்கிறார், ஒரு வார்த்தை பேசாமல். அழகாக இருக்கிறது. ஆனால் அவர் உயரத்துக்குப் பரண் எட்டாது, நாற்காலி போட வேண்டும், சாக்ஸ் மாட்டிய நாற்காலி வழுக்கும். முடிவு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

மூன்று: ஒன்றும் நடக்கவில்லை, எல்லோரும் பழகிக்கொண்டார்கள். இது டாக்டரின் முடிவு.

இதற்கிடையில் இருவருமே கதையைப் படிக்கக் கேட்டார்கள். தனித்தனியாக. மனைவி, "அவர்கிட்டயே குடுத்து விடுங்க, அவரு படிக்கறவரு இல்ல" என்றார். கணவர், "குடுங்க சார், அவதான் படிப்பா" என்றார். ஐந்தாம் பகுதியை எடுத்தால் ஆறு நிற்காது, ஆறை எடுத்தால் ஐந்து நிற்காது, இரண்டையும் எடுத்தால் ஃப்ரிட்ஜ்தான் மிஞ்சும். ஒரு புதன்கிழமை காலை அவர் வந்தபோது தாள்களை அப்படியே கொடுத்தேன். தைரியம் என்று எழுத ஆசை. யோசிக்க அலுத்துப்போயிருந்தது, அதுதான் உண்மை.

படிக்காதவர் என் சோபாவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, வரி வரியாக. ஐந்தாம் பகுதியில் உதடு நின்றது. அந்தத் தாளைத் திருப்ப அவருக்கு வெகுநேரம் ஆனது.

"பன்னெண்டா சார்?" என்றார்.

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க."

ஆறாம் பகுதியையும் படித்தார். "என்னோடத எடுத்துடுங்க," என்று அந்தத் தாளைத் தனியே உருவி என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். திரும்பச் செருகி, எல்லாவற்றையும் மடித்துக் கருவிப் பைக்குள் வைத்தார். "இன்னிக்கு அவளுக்கு லீவு," என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

பத்து நாள் இருவரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அவர் மனைவியின் எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. கை பட்டு அழைத்துவிட்டது போல. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்திலிருந்து மகள், "அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்க?" என்று உரக்கக் கேட்டாள். "வெச்ச எடத்துல பாரு," என்று அம்மா ஃபோனுக்குப் பக்கத்திலிருந்து அதைவிட உரக்கச் சொன்னார். ஓர் இழுப்பறை திறந்து மூடியது.

நான்கு நிமிடம் கேட்டேன். கணவர் அப்போது வீட்டில் இருந்தாரா, இல்லை அவர் வருவதற்கு முன்னால் இருவரும் அவசர அவசரமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களா என்று தெரியவில்லை. ஓர் ஆண் இருமியதுபோல இருந்தது. தண்ணீர்ச் சத்தமாகவும் இருக்கலாம். கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எண் என்னிடம் இருக்கிறது.

நான் கேட்கப் போவதில்லை. அவரை வீட்டுக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்பதை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.