பல் பதிந்த ஆணி

“ராமையா பேரை அடிச்சிடுங்க. அந்த இடத்துல என் பேரை எழுதுங்க.”

தோட்டத்து ஆபீஸைப் பார்க்கும் பெரிய கிராணி ஜெயபாலன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘செத்தவனுக்கு இனிமே பேரு எதுக்குடி? எனக்கு மிச்சம் நீ ஒருத்தி.’ அதையேதான் கேட்டேன்.

“எந்த இடத்துல?” என்றார், தெரியாதவர் போல.

மேசையில் இருந்த அறிக்கையில் விரலை வைத்தேன். இங்கிலீஷில் இருந்தது. எச்சரிக்கையை மீறி, பயிற்சி ஆள் ராமையா காயாத மர ஆணிகளை அடித்ததால் படகு பிரிந்தது. அவன் சாவுக்கு அவன் கவனக்குறைவே காரணம். அடியில் இரண்டு கோடுகள். ஒன்றில் ஜெயபாலன் கையெழுத்து இருந்தது. மற்றது மொழிபெயர்ப்பாளருக்கு. அதாவது எனக்கு.

போன வருஷக் கடைசியில் வந்த வெள்ளத்தில் எங்கள் கீழ் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் இரண்டு நாள் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சிம்பாங் பூலாய் முழுக்கத் தேடியும் ஒரு படகு கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் துரைக்கு ஞானம் வந்தது. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற ஆட்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஆறு மாதத் தச்சு வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். படகு கட்டக் கற்றுத்தர, கடலோர லூமுட்டிலிருந்து பாக் லெமான் என்ற மலாய்க்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு மலாய் பாதி, துரைக்கு இரண்டும் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஈப்போ கன்னியாஸ்திரீகளிடம் தங்கி சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியவள். இந்தத் தோட்டத்தில் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து நான்தான் முதல் ஆள். நான் ஸ்லேட்டுப் பலகை தூக்கிய வயதில் என் அண்ணன் ராமையா பால் வாளி தூக்கினான். என் படிப்பைப் பற்றி என்னைவிட அவன்தான் ஊரெல்லாம் பேசுவான்.

வகுப்பு நடந்தது புகைவீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில். பலகையோடு பலகையைச் சேர்க்க பாக் லெமான் இரும்பு ஆணி தொடமாட்டார். கெட்டியான மரத்தில் விரல் கனத்துக்கு ஆணி சீவி, இரண்டு பலகையின் விளிம்பிலும் துளை போட்டு, நடுவில் கெலாம் மரப்பட்டையை வைத்து அடிக்க வேண்டும். ஆணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த ஆணி தண்ணீரைக் குடித்து ஊதி, பலகையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததா என்று பார்க்க அவருக்கு ஒரே வழி, கடிப்பது. பல் பதிந்தால் அந்த ஆணி திரும்பக் காயப் போக வேண்டும்.

ராமையா இதில் வெறி பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டான். மடியில் எப்போதும் நாலு ஆணி இருக்கும்.

“மச்சான் மரத்தையே தின்னுட்டு வீட்டுல சோறு வேணாங்கிறான்,” என்பான் அவன் கூட்டாளி அப்பாவு. “நல்லம்மா, உங்கண்ணனுக்குக் கறையான்னு பேரு மாத்திடலாம்லா.”

“நீ பேசுவடா. உன் ஆணியைக் கடிச்சா கரும்பு மாதிரி சாறு வருது,” என்பான் ராமையா.

வெயிலில் வைத்தால் ஆணி வெடித்தது. நிழலில் வைத்தால் மழைக்காலம் காயவிடவில்லை. ரப்பர் பால் ஷீட்டுகள் தொங்குகிற புகைவீட்டில், கம்புகளுக்குக் கீழே ஆணியைப் பரப்பலாம் என்று ராமையாதான் யோசித்தான். பாக் லெமான் முதலில் சிரித்தார். மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “போலே,” என்றார். ஆகும் என்று. அன்று ராமையா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

படகில் மேல் பலகை மூன்று பாக்கி இருந்தபோது, பெரிய அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. அதே வாரம் புகைவீட்டில் ஷீட்டுக்கு இடம் போதவில்லை என்று கடைசி ஆணிகளை வெளியே அள்ளிப் போட்டார்கள். ஐந்து நாள் புகைகூடக் காணாத ஆணிகள். பாக் லெமான் ஒன்றைக் கடித்துத் துப்பினார். “பாசா லாகி.” ஈரம் போகவில்லை, அடிக்க முடியாது. அப்பாவுவையும் கூட்டிக்கொண்டு போய், அதை அப்படியே ஜெயபாலனிடம் சொன்னேன்.

“அந்த ஆளு எல்லாத்துக்கும் இழுப்பாரு. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்க. இருக்கறதை வச்சு அடிக்கச் சொல்லு.”

இதைக் கேட்டதும் பாக் லெமான், மரம் செதுக்குகிற தன் வாய்ச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு அன்றே லூமுட்டுக்குப் போய்விட்டார்.

நான் கொட்டகைக்குப் போனேன். ராமையா ஓர் ஆணியைக் கடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“பாரு பாப்பா. பல்லு பதியுது.”

“கிராணி அடிக்கச் சொல்லிட்டாரு.”

“அவருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? நீ சொல்லு.”

நான் சொன்னேன். மரம் தண்ணீரில் ஊதும் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்திருந்தேன். “எப்படியும் தண்ணியிலதானே மிதக்கப்போகுது அண்ணே? ஈரமா இருந்தா இன்னும் நல்லா இறுகும். அடி.”

ஏற்கெனவே ஊதியிருக்கிற ஆணி மேலே எங்கே ஊதும்? காயக் காயச் சுருங்கத்தான் செய்யும். ஆறு மாதம் பாக் லெமான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கியவள் நான். வாயால் சொன்னேன். மண்டையில் ஏறவில்லை.

“நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா,” என்று ராமையா கொட்டாப்புளியை எடுத்தான்.

அதிகாரி சொன்ன நாளில் வரவில்லை. பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. படகு முட்டுக்கட்டைகள்மேல், காகிதக் கொடி கட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்தது. உள்ளே ஆணி ஒவ்வொன்றாகச் சுருங்கியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய லம்பக் குட்டையில் வெள்ளோட்டம். ராமையாவும் அப்பாவுவும் துடுப்புப் போட்டார்கள். கரையில் நான் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று அவர் பாராட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் படகின் ஒரு பக்கம் தாழ்ந்தது. அப்பாவு துடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தான். ராமையா குதிக்கவில்லை. பிரிந்த பலகையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தான். படகு போகும்வரை அமுக்கிக்கொண்டேயிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

மறுநாள் படகைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். மேல் பலகை ஆணிகள் என் விரலுக்கே கழன்று வந்தன. அதில் ஒன்றைத்தான் இப்போது ஜெயபாலன் மேசையில், அறிக்கைக்கு மேலே வைத்தேன். மேல் பல் இரண்டின் தடம். ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. ராமையாவின் முன்பல் அப்படித்தான்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பல்லு பதிஞ்சிருக்கு. அப்போ ஈரம்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் அடிச்சிருக்கான். அறிக்கை சரிதானே?”

இந்த ஆணி அவனைக் காப்பாற்றும் என்று எட்டு நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

“தெரிஞ்சுதுங்க,” என்றேன். “தெரிஞ்சதை எங்கிட்ட காட்டினான். நான்தான் அடின்னேன். நீங்க சொல்லச் சொன்னீங்க, நான் என் புத்தியையும் சேர்த்துச் சொன்னேன். எழுதுங்க.”

“நான் சொன்னதுக்கு யாரு சாட்சி?”

“பக்கத்துல அப்பாவு இருந்தான்.”

“கேட்டுப் பாரேன்.” அவர் சிரித்தார். புது வகுப்பை அப்பாவு கையில் கொடுத்திருந்தார்கள். “இந்தா பாரு நல்லம்மா. செத்தவன் மேல போட்டா யாருக்கும் நட்டமில்ல. உன் பேரை எழுதினா நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துலயும் உன்னை டீச்சரா சேக்கமாட்டான். எனக்கும் நாலு பொம்பளப் புள்ளைங்க. கையெழுத்துப் போடு. புது வகுப்புக்கும் நீயே இரு. இல்லேன்னா உங்கம்மா எந்த லயத்துல இருப்பா, அதையும் யோசி.”

“எச்சரிக்கையை மீறின்னு எழுதியிருக்கீங்களே. யாருங்க எச்சரிச்சது? நீங்களா, நானா?”

அவர் பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார்.

இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டு, அண்ணனைக் கொல்லவும் என் வாயை வாங்கினார்கள். அவன்மேல் பழி போடவும் என் கையைக் கேட்கிறார்கள். பேனாவை நான் தொடவில்லை. ஆணியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காலையிலேயே இரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தேன். நடந்ததெல்லாம், நான் சொன்னது உட்பட, கீழே என் முழுப்பெயர். இன்று பகல் ஈப்போவில் மாஜிஸ்திரேட்டு இந்தச் சாவை விசாரிக்கிறார். ஜெயபாலன் தன் கையால் ஒரு வரி திருத்தியிருந்தால் நான் தோட்டத்தை எதிர்த்துச் சாட்சி சொல்ல வேண்டியிருக்காது, அம்மாவுக்கு வீடு தங்கியிருக்கும். அதற்காகத்தான் இங்கே வந்து கேட்டேன். காகிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. “ஒருத்தன தண்ணி கொண்டுபோச்சு. நீயா போற,” என்றாள். பிறகு சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

வெளியே கொட்டகையில் புது ஆட்கள் ஆணி சீவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவு என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“எங்க போற நல்லம்மா?”

“ஈப்போவுக்கு. உன்னையும் கூப்பிடுவாங்க.”

அவன் தன் கையிலிருந்த ஆணியைப் பார்த்தான். கடித்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்து மறுபடி சீவினான்.

லயத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைகள் வலது கைப்பக்கம் வெள்ளையாக நின்றன. ரவிக்கைக்குள் காகிதமும் கைக்குள் ஆணியும் இருந்தன. ஆணி இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது.