மூடி வைத்த கப்பல்

"விரல்ல ஒட்டுன பெயின்ட் போவமாட்டேங்குண்ணே. சோப்பு போட்டும் தேய்ச்சுப் பாத்துட்டோம். அக்கா வச்சிருந்த தின்னர் எங்க இருக்கு?"

கையில் ஈரம் சொட்ட வந்து கேட்டவள் அடுத்த வீட்டு மாரீஸ்வரி. உள்ளே எபனேசரின் மனைவி கிருபாபாயின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தின்னர் பின்னறையில் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறதென்று எபனேசருக்குத் தெரியும். மனைவியின் சாமான் எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த அறைதான். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. கிருபாபாயின் அண்ணன் ஞானராஜ், தான் தேடி எடுப்பதாகச் சொல்லிப் பின்னறைப் பக்கம் நடந்தார்.

"அந்தக் கதவத் தொறக்காதீங்க."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரலில் இருப்பது இருக்கட்டும், அப்படியே விட்டுவிடுங்கள் என்று எபனேசர் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். மனுஷன் ஆடிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மாரீஸ்வரி திரும்பிப் போனாள். கிருபாபாய்க்கு வெள்ளைப் பட்டும் கையுறையும் போட்ட பிறகும், வலது கையுறையின் விரல் நுனியில் சாம்பல் நிறம் லேசாகத் தெரிந்தது.

அது கப்பலின் நிறம்.

கிருபாபாய் தூத்துக்குடியில் கல்லூரியில் படித்தபோது என்சிசியின் கடற்படைப் பிரிவில் இருந்தவள். முகாம் போட்டிக்கு மரத்தில் ஒரு சின்ன ரோந்துக் கப்பல் செய்துகொண்டு போனாள். நடுவராக வந்த அதிகாரி குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பெயின்ட்டுக்குள் சிக்கியிருந்த ஒரு மயிரைக் கண்டுபிடித்தார். இரண்டாம் பரிசு. அதன் பிறகு கல்யாணம், ராஜபாளையம், பள்ளிக்கூட ஆபீஸ் வேலை, பிள்ளை. கப்பலை மறந்துவிட்டாள் என்றுதான் எபனேசர் முப்பது வருஷமாக நினைத்திருந்தார். மயிரைக்கூட அவள் மறக்கவில்லை.

மகள் ஜாஸ்மினைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்துப் பின்னறை காலியானதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், மறுபடி கப்பல் செய்யப் பலகையும் பசையும் உப்புத்தாளுமாகத் திரும்பி வந்தாள். கண்மாயிலயா விடப் போறீங்க என்று தெருவே கேலி செய்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், வேலையை மட்டும் நிறுத்தவில்லை. மரவேலை சீக்கிரம் முடிந்தது. பெயின்ட்தான் அவளை அலைக்கழித்தது. காருக்கு அடிக்கிற பெயின்ட்டை வாங்கி, சின்னக் கம்ப்ரசர் வைத்து ஸ்ப்ரே அடித்தாள். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பாள், மறுபடி அடிப்பாள். கண்ணாடி போல வர வேண்டும், ஒரு தூசி தட்டுப்படக் கூடாது.

வாய்த்த புருஷனோ பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் சூப்பர்வைசர். புருவத்தில்கூடப் பஞ்சோடு வீடு திரும்புகிற ஆள். ஒருநாள் பாசத்தோடு டீயைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தார். ஈரப் பெயின்ட்டில் பஞ்சு இறங்கியது. கிருபாபாய் மொத்தத்தையும் மரம் தெரியத் தேய்த்து எடுத்தாள், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. அவள் பெயின்ட் அடிக்கும்போது ஃபேன் ஓடாது, தரையில் தண்ணீர் தெளித்திருக்கும், கதவிடுக்கில் ஈரத்துண்டு கிடக்கும். ஷெட்டிலிருந்து வருகிறவர் சட்டையை வெளி ஆணியில் மாட்டி, குளித்துவிட்டுத்தான் கதவுப் பக்கம் வர வேண்டும். அடித்து முடித்ததும் கப்பல்மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, முகமூடியை இறக்கிக் குரல் கொடுப்பாள்: "மூடிட்டேன் அத்தான், வரலாம்." சொந்த வீட்டில் ஒரு ரூமுக்குள் போக விசா வேண்டியிருக்கிறது என்று எபனேசர் ஷெட்டில் சொல்லிச் சிரிப்பார்.

மாரடைப்பு, இங்கே கொண்டுவரும் முன்பே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், குளித்துவிட்டு வந்து பார்த்தேன், கிடந்தாள் என்றார் எபனேசர். அதில் பொய் இல்லை. மீதியை ஊரே சேர்த்துக்கொண்டது. குளித்துக்கொண்டிருந்தவருக்கு அவள் விழுந்த சத்தம் எப்படிக் கேட்கும் என்றார்கள். கேட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, நொடியில் போயிருக்கும் என்றார்கள். விடிந்து வந்து சேர்ந்த ஜாஸ்மின், அழுது ஓய்ந்தபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க குளிச்சிட்டு இருந்தீங்களாம்ல, மாமா சொன்னாவ. நீங்க என்னப்பா செய்வீங்க."

எபனேசர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் ஊர் சேர்த்தது அல்ல, அவருடையது.

சவப்பெட்டி வந்தது. அவசரத்தில் அடித்த வார்னிஷ், கை வைத்தால் பிசுபிசுத்தது, ஓரத்தில் ஒழுகிக் காய்ந்திருந்தது. கிருபாபாய் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். போதகர் ஜெபித்தார், பாட்டு பாடினார்கள், கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு கை மண் போட்டார்கள்.

திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். கடைசியில் ஞானராஜ் எபனேசரின் தோளில் துண்டைப் போட்டார். "நீங்களும் ரெண்டு சொம்பு ஊத்திருங்க மாப்ள. செத்த நேரம் படுக்கலாம்."

எபனேசர் குளியலறை வாசல்வரை போனார். குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவரை உள்ளே விடவில்லை.

நேற்று மத்தியானம் ஷெட்டிலிருந்து வந்தவர் அலுப்பில் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. கொஞ்சம் கழித்து ஏதோ தொம்மென்று விழுந்தது. கிருபா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. முகமூடி போட்டிருந்தால் அவள் பேசமாட்டாள். கதவுவரை போய்க் கையை வைத்தார். தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை, தள்ளினால் திறந்திருக்கும். சட்டைக் கையைப் பார்த்தார், பஞ்சாக இருந்தது. "இரு கிருபா, குளிச்சிட்டு வாரேன்" என்று கதவிடம் சொல்லிவிட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, தலைக்கும் சேர்த்து நிதானமாகக் குளித்தார்.

இப்போது அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்னறைக்குத் திரும்பினார். சட்டை அதே ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு, குளிக்காத உடம்போடு கதவைத் தள்ளினார்.

மேசைமேல் அட்டைப்பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

நேற்று அவளைத் தூக்கிய அவசரத்தில் அவர் மேசையைப் பார்க்கவேயில்லை. இப்போது பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் ஊர் சொன்ன மாதிரி நொடியில் போகாமல் இருந்திருக்கலாம். அடித்து முடித்திருக்கிறாள், மூடியிருக்கிறாள், கதவை நோக்கி வந்திருக்கிறாள். அவர் பஞ்சோடு உள்ளே போயிருந்தாலும் கப்பலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் கிடந்தபோது முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்ததும் நினைவுக்கு வந்தது. விழுந்த பிறகும் கூப்பிட்டிருப்பாளா? வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்காமல் போயிருக்குமா? கத்தி அழ வேண்டும் போலிருந்தது, வரவில்லை.

பெட்டியைத் தூக்கினார். அவளுடைய டார்ச்சை எடுத்து, அவள் பிடிக்கிற மாதிரியே சாய்த்துப் பிடித்து, முனையிலிருந்து பின்பக்கம்வரை பார்த்தார். மறுபக்கமும் பார்த்தார். ஒரே ஒரு இழையாவது இருந்துவிடாதா என்று தேடினார். சாம்பல் பரப்பு முழுக்க வழுவழுவென்று இருந்தது. முப்பது வருஷமாக அவள் நினைத்திருந்த பெயின்ட், அவளை விட்டுவிட்டு அவர் காத்த பெயின்ட், வந்துவிட்டது.

எபனேசர் சட்டையை இரண்டு கையாலும் விரித்துக் கப்பலுக்கு மேலே உதறினார். மறுபடி மறுபடி உதறினார். பஞ்சு அறை முழுக்கப் பறந்து, மெல்ல இறங்கிக் கப்பல்மேல் படிந்தது.

"என்னப்பா செய்யுதீங்க? குளிக்கலையா?"

தலைமுடி ஈரத்தோடு ஜாஸ்மின் வாசலில் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சத்தம் கேட்ட பொறவுதாம்மா நான் குளிக்கப் போனேன்."

ஜாஸ்மின் உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. கதவு திறந்தே கிடந்ததால் கூடத்து ஃபேன் காற்று உள்ளே வந்தது. கப்பல்மேல் கிடந்த பஞ்சு ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுந்தது. பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது, ஒரு இழைகூட ஒட்டவில்லை.