கோணிய சுண்டுவிரல்

தன்யூபு ஆற்றின் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று முட்டி உடைந்து உருகத் தொடங்கிய இளவேனில் முற்பகலில், குண்டுவீச்சால் கூரை இழந்தும் நிமிர்வு இழவாது குன்றின்மேல் நின்ற எங்கள் ஓவியக்கூடத்தின் நெடுமண்டபத்தே, போர்க்காலம் முழுதும் வெறுஞ்சட்டங்களைத் தாங்கிநின்ற சுவர்களுக்கு ஓவியங்கள் ஒவ்வொன்றாய் மீண்டுகொண்டிருந்தன. நல்லீர், மகிழவேண்டிய அவ்வேளையில் காப்பாளர் ஒத்தோகார் மட்டும் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார்.

போருக்கு அஞ்சி ஓவியங்களை ஒளித்துவைத்திருந்த உப்புச் சுரங்கத்தினின்று வந்த ஒரே சுருளுக்குள் நீலமுக்காட்டு மாதரசி ஓவியங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, முந்நூறாண்டுக்கு முன் வெனிசு நகரத்துப் பேராசான் தீட்டியது. மற்றொன்று, இருபதாண்டுக்கு முன் எதெல்கா என்பவள் அதைப் பார்த்துப் பழந்துணியில் தீட்டிய நகற்படி. படி எடுப்போர் மூலத்தினும் நான்கு விரல் குறைத்தே தீட்டவேண்டும் என்பது எங்கள் கூடத்து வழக்கம். ஆனால் பகைவர் நெருங்கிய பதற்றத்தில், பணியாளர் சட்டங்களினின்று இரண்டையும் கத்தியால் தாறுமாறாக அறுத்தெடுத்தபோது அவ்வேறுபாடும் விளிம்போடு போயிற்று. ஈரமும் உப்பும் இரண்டிலும் ஒன்றுபோலவே வெடிப்போடச் செய்திருந்தன. மறுநாள் கூடம் திறக்கவேண்டும், தொங்கவிடுவது எதனை?

எதெல்காவையே அழைத்தனர். அவள் முகத்தை நோக்கினாள், முக்காட்டை நோக்கினாள், தான் ஈன்ற பிள்ளையைத் தானே அறியாத தாய்போல் மயங்கி இரண்டுக்குமிடையே நெடுநேரம் நடந்தாள். ஒன்றில் சுண்டுவிரல் கோணியிருந்தது. மற்றதில் குற்றமற்று நீண்டிருந்தது.

“விரலைப் பாத்தாலே தெரியுதேம்மா. பேராசான் கை அப்படியா சறுக்கும்?” என்றார் ஒத்தோகார், அவள் மனம் நோகாதபடி மெல்ல.

“நானும் அப்படித்தான் நெனச்சேன், ஐயா. ஆனா அந்தக் கோணலை ஒன்பது நாள் அப்படியே எடுக்கப் பாத்தேன். கை கூசி, நேராக்கிட்டே இருந்துச்சு. கோணல் அவரோடது. அந்தத் தப்பைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரல.”

அழகியதைத் தனதென்கிறாளே, இது தற்பெருமையோ உண்மையோ எனக் காப்பாளர் குழம்பினார். உறுதிதானா என்று வினவியபோது, எது உறுதியென்றே தனக்கு விளங்கவில்லை என்று சொல்லி அழுதாள். ஆயினும் கோணிய விரலையே சட்டத்துள் பொருத்தச் சொன்னாள்.

பேராசானை வென்றோமோ, அவரிடம் தோற்றோமோ என்று அறியமாட்டாதவளாய், குற்றமற்ற தன் ஓவியத்தை இரு கைகளாலும் ஏந்தி, எவர் கண்ணும் படாத பின்னறை இருளுக்குள் தானே கொண்டுபோய் வைத்தாள்.