எட்டாயிரம் செங்கல்லும் ஒரு பானைப் பயறும்

எலுதேரியா கீழே நின்று இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லை இரண்டிரண்டாக எறிய, சூளை மேல் குந்தியிருந்த அவள் புருஷன் நபோர் பிடித்துப் பிடித்து அடுக்கினான். மொத்தம் எட்டாயிரம் கல். மண் மிதித்து, கல் அறுத்து, வெயிலில் திருப்பிப் போட்ட இரண்டு மாத உழைப்பு. மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. லா லொமிதா ஊரில் ஜூன் மழை பிடித்தால் விடாது. அதற்குள் சுட்டெடுக்காவிட்டால் அத்தனையும் பழையபடி சேறுதான்.

நகராட்சி இன்ஸ்பெக்டர் கிரிசோஃபரோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஒரு கையில் பசை வாளி, இன்னொரு கையில் சுருட்டிய காகிதம்.

"என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா?"

"உத்தரவுதான்க்கா. பதினஞ்சாம் தேதி வரைக்கும் திறந்தவெளியில யாரும் நெருப்பு மூட்டக் கூடாது."

"ஏனாம்?"

"புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு. பத்திக்கிச்சுன்னா ஊருக்கே ஒரு தண்ணி லாரிதான். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினான். "புகை மூடிட்டா அந்தோணியார் திருவிழா வாணவேடிக்கை தெரியாதுன்னு மேயர் சொல்றாரு."

"பதினஞ்சாம் தேதி இந்தக் கல்லைக் குடுக்கணும்யா. யாருக்கு? உங்க மேயருக்கு. தீயணைப்பு நிலையம் கட்டறதுக்கு!"

"தெரியும்க்கா. குடுக்கலன்னா ஆர்டர் அவரு மச்சானோட சிமெண்ட் கல்லுக்குப் போயிடும். அதுவும் தெரியும்."

மண் பூசிய சூளைச் சுவரில் காகிதம் ஒட்டவில்லை. மூன்று முறை ஒட்டினான், மூன்று முறையும் உரிந்து விழுந்தது. பார்க்கப் பாவமாக இருந்ததால் நபோரே இறங்கி வந்து, காகிதத்தைத் தரையில் விரித்து மேலே ஒரு கல்லை வைத்தான்.

"கடைசி வரைக்கும் படிச்சுட்டுப் போ" என்றாள் எலுதேரியா.

விதிவிலக்கு இரண்டு இருந்தது. ஒன்று, சாமிக்கு விடும் வாணவேடிக்கை. மற்றது, உணவு சமைக்கும் அடுப்பு. சமையல் முடிந்ததும் அடுப்பை உடனே அணைத்துவிட வேண்டும்.

எலுதேரியா புருஷனைப் பார்த்தாள். நபோர் அடுப்படியில் இருந்த பெரிய மண்பானையைப் பார்த்தான்.

திருவிழா நாள் விடியற்காலையில் சூளை மூட்டியாயிற்று. மூட்டினால் பொழுது சாயும்வரை ஒரே சீராக எரிய வேண்டும், நடுவில் நிறுத்தினால் ஒரு கல்கூடத் தேறாது. சூளை வாயின் ஓரத்தில், கருப்புப் பயறும் வெங்காயமும் போட்ட பானை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

எட்டு மணிக்குக் கிரிசோஃபரோ நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தான். "அக்கா! என்னக்கா இது?"

"சமையல்."

"ஒரு பானைப் பயறுக்கு ஒரு லோடு விறகா?"

"போன வருசத்துப் பயறு தம்பி. லேசுல வேகாது."

அவன் சூளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இரண்டு மாதமாக அவனுக்குச் சம்பளம் வரவில்லை. அந்தப் பணமெல்லாம் கோயில் வாசலில் வாணவேடிக்கைக்காகக் கட்டிய கோபுரத்துக்குப் போய்விட்டது. பயறு வாசனை மூக்கைத் துளைத்தது. வெந்ததா என்று சோதிப்பதும் தன் வேலைதானே என்று சொல்லிக்கொண்டு ஒரு கிண்ணம் வாங்கினான். சுடச்சுட ரொட்டியைத் தொட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுதினான்: 'எட்டு மணி. வேகவில்லை.'

பத்து மணிக்கும் வேகவில்லை. பன்னிரண்டுக்கு மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, ஆனாலும் வேகவில்லை. அவன் ஒவ்வொரு கிண்ணம் காலி செய்ததும் எலுதேரியா ஒரு பிடி வேகாத பயறு போட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

"இப்பிடியே போனா இன்ஸ்பெக்டரு வெடிச்சிருவாரு. அதுக்கு விதிவிலக்கு இருக்கான்னு பாரு" என்றான் நபோர், விறகைத் தள்ளிக்கொண்டே.

"வேலைன்னு வந்துட்டா கஷ்டம் பாக்க முடியுமாண்ணே?" என்று கிரிசோஃபரோ இடுப்பு வாரைத் தளர்த்தினான்.

நாலு மணிக்குச் சூளையின் உச்சிக் கல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம்தான். எலுதேரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் கோயில் பக்கமிருந்து சோதனைக்கு விட்ட முதல் வாணம் சீறிக்கொண்டு கிளம்பி, இவர்கள் தலைக்கு மேலே பறந்து, மலைச்சரிவில் போய் விழுந்தது. காய்ந்த புல் குப்பென்று பற்றியது.

"போச்சு" என்று எழுந்தான் கிரிசோஃபரோ. யாரையோ போனில் கூப்பிட்டு, மலை பத்திக்கிச்சு, லாரியை அனுப்புங்க என்று கத்தினான்.

தண்ணீர் லாரி நிஜமாகவே சீக்கிரம் வந்தது. எலுதேரியா கையை வீசி மலைப் பாதையைக் காட்டினாள். லாரி மலைக்குத் திரும்பவில்லை. நேரே சூளைக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு பேர் குழாயை இழுத்தார்கள்.

"யோவ், தீ அங்க!" என்றான் நபோர்.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தான். "அது சாமி வாணத்துத் தீ அண்ணே. அதுக்கு விலக்கு இருக்கு. மேயர் எனக்குக் குடுத்த உத்தரவு சூளைக்குத்தான்."

"இது சமையல்! இன்னும் வேகல! இதோ எழுதியிருக்கு பாருய்யா!" கிரிசோஃபரோ நோட்டை விரித்துக்கொண்டு லாரிக்கும் சூளைக்கும் நடுவே நின்றான். குழாய்க்காரன் அவனை மரியாதையாகத் தோளைப் பிடித்து நகர்த்தினான்.

"வேணாம்யா, கும்பிடறேன், வேணாம்" என்று எலுதேரியா குழாயைப் பிடித்தாள். ஈரக் குழாய் கையிலிருந்து வழுக்கியது.

தண்ணீர் பட்டதும் சூளை வெள்ளையாக ஆவி கக்கியது. பானை இரண்டாகப் பிளந்து பயறு காலடியில் ஓடியது. அதற்குப் பிறகு உள்ளே கல் வெடிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் சரமாக. எலுதேரியா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலுக்குப் போகும் சாலையில் புதுத் துணி உடுத்திப் பூவும் மெழுகுவத்தியுமாய் நடந்துகொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு நின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"வாணவேடிக்கையை ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றார் ஒருவர். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.