இரவல் துப்பாக்கி

கதவு அதிர்ந்தது. யாரோ துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள்.

"காஜா மைதீன் பாய்! வெளியே வாங்க!"

பாலக்கரைச் சந்து முழுக்க எட்டிப் பார்த்தது. காஜா மைதீன் கதவைத் திறந்தார். வாசலில் காட்டிலாகா ரேஞ்சர் அற்புதசாமி. அவர் கையில் இருந்தது காஜா மைதீனின் துப்பாக்கி. பின்னால் நின்ற மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் ஒரு பெண் புள்ளிமான் செத்துக் கிடந்தது.

காஜா மைதீனுக்கு உடனே புரிந்துவிட்டது. துப்பாக்கியை இரவல் வாங்கிப் போனவன் ஸ்ரீரங்கத்து ஆராவமுதன். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. வேட்டை ஆசை மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. "முயல்தான் பாய், வேறெதையும் தொடமாட்டேன்" என்று சத்தியம் பண்ணியிருந்தான்.

"மணப்பாறைக் காட்டுல காவலாளுங்களைப் பார்த்ததும் இதையெல்லாம் போட்டுட்டு ஒருத்தன் ஓடிட்டான். முகம் தெரியலை. கட்டையில உங்க பேரு செதுக்கியிருக்கு" என்றார் ரேஞ்சர். "தடை மாசத்துல பெண் மானைச் சுட்டது நீங்கன்னா, ஷிகார் லைசென்ஸ் ஆறு மாசம் நிறுத்தம். லைசென்ஸ் இல்லாதவனுக்குத் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியிருந்தா அடியோட ரத்து. மறுபடி கிடைக்கவே கிடைக்காது. எது?"

பொன்மலை ரயில்வே துரைகளை வேட்டைக்குக் கூட்டிப் போவதுதான் காஜா மைதீனின் பிழைப்பு. ஆறு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். அடியோடு போனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

"நான்தான் சுட்டேன் சார். ஓடினதும் நான்தான்."

"இந்தத் தொந்தியை வச்சுக்கிட்டா? சிட்டாப் பறந்தான்னாங்களே!"

"பயம் வந்தா தொந்தியும் ஓடும் சார்."

சந்து சிரித்தது. ரேஞ்சரும் சிரித்துவிட்டார். இருவருக்கும் வெகுநாள் பழக்கம்.

"சரி, போங்க. ஆறு மாசம்னே எழுதறேன்."

காஜா மைதீனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ரேஞ்சர் வண்டிப் பக்கம் கை காட்டினார். "ஆபீஸ் போறதுக்குள்ள கறி கெட்டுடும். சுட்டவர் நீங்க. வீட்டுக்கு ஒரு தொடை எடுத்துக்குங்க, நான் பார்க்கலை."

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். எந்த ஷிகாரி தான் சுட்ட கறியை வேண்டாம் என்பான்?

"கமருன்னிசா! கத்தியும் தாம்பாளமும் கொண்டா!"

கொல்லைக் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்த கமருன்னிசாவுக்கு வாசல் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. இரவல் கொடுத்த விஷயமும் தெரியாது; தெரிந்தால் திட்டுவாள் என்று அவர் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியருகே வந்தாள். வேட்டை எது வந்தாலும் அவள் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். குண்டு பட்டு விழுந்ததை உயிர் போவதற்குள் ஓடிப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி அறுத்திருந்தால்தான் அந்த வீட்டில் சட்டி அடுப்பேறும். கல்யாணமான நாள் முதல் காஜா மைதீன் அதில் தவறியதே இல்லை.

அவள் மானின் தலையைப் புரட்டினாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது, கழுத்துல கத்தியே படலை! எவன் சுட்டதைங்க நம்ம வாசல்ல கொண்டாந்து போட்டிருக்காங்க?"