நடுவில் நிற்கிறவர்

மகள் வந்தபோது அவர் மைக்கில் இருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பதிலுக்குக் கையை உயர்த்த மட்டும்தான் முடிந்தது. துறைமுகம் போகும் வண்டி ஐந்தாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டிருப்பதை ஒருமுறை சொல்லி, மூச்சு விட்டு, அதையே மறுபடியும் சொல்லி முடித்த பிறகே கதவைத் திறந்தார். பேருந்து நிலையத்தில் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சொல்லும்போது ஜனங்கள் தலையைத் தூக்குவார்கள், இரண்டாம் தடவைதான் காதில் வாங்குவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அவருக்கு இது வரவில்லை. ஓடிப்போய் வண்டியைத் தவறவிட்டவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது.

கண்டக்டர்கள் முதல் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன். அவர் குரலைக் கேட்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. முகம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடையில் நின்று ரொட்டி கேட்டால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று. முகத்தைப் பார்த்ததும், இல்லை, நமக்குத் தெரியாத ஆள் என்று மறுபடி திரும்பிக்கொள்வார்.

மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அவரும் மனைவியும் பிரிந்தார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். அவள் அம்மா பிறகு ஒரு மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனுஷன். அதுதான் மைக் அண்ணனுக்கு இருந்த ஒரே குறை. ஆள் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் மனதுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருக்கலாம். பாப்பா அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தது, சைக்கிள் பழக்கியது, கல்லூரி வாசலில் காத்துக்கிடந்தது எல்லாம் மருந்துக்கடைக்காரர்தான். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் கிடைத்தன. அவள் வளர வளர அதுவும் போன்பேச்சாகச் சுருங்கியது.

அன்றைக்கு அவள் அறைக்குள் வந்து, உடைந்த பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டூலைத் தானே காலி செய்து உட்கார்ந்தாள். கல்யாணச் செய்தி அவருக்கு முன்பே தெரியும். பையன் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன், தோள் அகலமும் வாய் அகலமும் சமமாக இருக்கும். சட்டப்படி கையெழுத்துப் போடுவது முந்தின வாரமே பதிவு அலுவலகத்தில் முடிந்துவிடும், மண்டபத்தில் தங்களுக்கு வேண்டிய ஒருவர் நடுவில் நின்று நாலு வார்த்தை பேசி, உறுதிமொழி சொல்லவைத்து, மோதிரம் மாற்றவைத்து நடத்தி வைப்பார் என்றாள். அவள் சிநேகிதர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்துகொள்கிறார்களாம். ஒருத்திக்கு அவள் அண்ணன் நடத்தி வைத்தது உண்டு, இன்னொருத்திக்கு ஆபீஸ் தோழி நடத்தி வைத்தது உண்டு.

"எங்களுக்கு நீங்கதாம்ப்பா நடத்தி வைக்கணும்," என்றாள். "உங்க குரல்ல கேக்கணும்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவர் மலைப்பாதை வண்டியை இல்லாத நடைமேடைக்கு அனுப்பி வைத்தார், அதையும் இரண்டு தடவை. பெட்டி படுக்கையோடு ஒரு கூட்டம் அங்கும் இங்கும் ஓடியது. டிக்கெட் கவுண்டர் அம்மா கதவைத் தட்டி, என்னண்ணே, பகல்லயே தூக்கமா என்று சத்தம் போட்டபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் பொண்ணு கல்யாணத்தை நான்தான் நடத்தி வைக்கப்போறேன் என்று அந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னார். அதற்குப் பிறகு யாரிடம் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

மைக்கை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து பேசிப் பழகினார். பேச்சு அப்படி ஒன்றும் பெரிதில்லை. பாப்பா நடக்கப் பழகியதே இந்த நிலையத்தில்தான், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, டிரைவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்கள், என்று ஒரு சம்பவம். அதன் முடிவில் ஒரு வரி: இவள் என் மகள். அந்த வரியை மட்டும் வேகமாக, மெதுவாக, நிறுத்தி, நிறுத்தாமல் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷம் மைக்கில் பேசியதெல்லாம் ஊரார் போகிற வண்டியைப் பற்றித்தான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை அதில் போனதில்லை. ஒரே ஒரு தடவை, கூடியிருக்கிற ஜனங்களுக்கு முன்னால், அந்த மூன்று சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டபத்தில் ஒத்திகைக்கு வரச்சொன்னாள். மருந்துக்கடைக்காரர் ஏணியில் நின்று விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அம்மா நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். ஒரு காலத்தில் வாடா போடா என்று பேசியவள். நல்லாருக்கேங்க என்றார் இவரும். அவர் எங்கே நிற்க வேண்டும் என்று மகள் மேடையில் காட்டினாள். பிறகு கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. நாளைக்குப் பேசும்போது என் சின்ன வயசு, பழைய கதை எதுவும் வேணாம்ப்பா. பொதுவா பேசிருங்க. அம்மா அழுதுருவாங்க. அவருக்கும் சங்கடமா இருக்கும்." கடைசி வார்த்தையில் ஏணிப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அதற்கென்னம்மா, பொதுவாத்தான் யோசிச்சு வச்சிருக்கேன் என்றார். பொதுவாகப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா. அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் பூக்காரரிடம் ஓடினாள். அவர் அந்த மூன்று சொல்லையும் மென்று முழுங்கிக்கொண்டு நின்றபோதுதான் மாப்பிள்ளைப் பையன் கைக்கு இரண்டு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்வரிசையில் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளை மனசாகச் சொன்னான்.

"நல்லவேளை மாமா, நீங்க ஒத்துக்கிட்டீங்க. இல்லேன்னா முன்வரிசைல உங்களை எங்க உக்கார வைக்கிறதுன்னு இவ தலையைப் பிச்சுக்கிட்டா. அத்தை பக்கத்துலயும் முடியாது, பின்னாடியும் வைக்க முடியாது. அப்புறம் திடீர்னு இவளுக்கே தோணுச்சு. உக்கார வச்சாத்தானே பிரச்சினை, நிக்க வச்சிட்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவரும் சேர்ந்து சிரித்தார். நல்ல யோசனைதான் மாப்ள என்றார்.

யோசனை உண்மையாகவே நல்ல யோசனை. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பெண்ணுக்கு மூளை இருக்கிறதே என்று. ஒரே நேரத்தில் ஒரே நடைமேடைக்கு இரண்டு வண்டி வந்தால் அவரும் இதைத்தான் செய்வார். பழக்கப்பட்ட வண்டியை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மற்றதைக் காலியாக இருக்கும் மேடைக்கு அனுப்புவார். அதில் கோபப்பட என்ன இருக்கிறது. ஆனாலும் வலித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வலித்தது. உங்க குரல்ல கேக்கணும் என்று அவள் சொன்னதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய் இல்லாமல் இருக்கலாம். முழுவதும் உண்மையில்லை என்று தெரிந்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. புதுச் சட்டை கழுத்தை அறுத்தது. முன்வரிசையில் அவள் அம்மாவும் மருந்துக்கடைக்காரரும், அந்தப் பக்கம் பையனைப் பெற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவில், மைக்கோடு, இரண்டு பக்கத்துக்கும் சேராமல் நின்றார். வணக்கம் என்று ஆரம்பித்ததும் கூட்டத்தில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள், எங்கேயோ கேட்ட குரல் என்று.

பேசிக்கொண்டு போகும்போது அந்த வரி வாய்க்குள் வந்துவிட்டது. மைக் அவர் கையில் இருக்கிறது. சொன்னால் யாரும் வந்து பிடுங்கப்போவதில்லை. மகளும் அதைக் கண்டுகொண்டாள் போலிருக்கிறது, அவர் முகத்தையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பரீட்சைத்தாளைத் திருத்துபவர் முன்னால் நிற்கிற பிள்ளை போலப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு நல்ல உள்ளங்கள் ஒன்று சேர்கிற இந்த இனிய வேளையில், என்று பொதுவாகப் போய்விட்டார். அவள் தோள்கள் தளர்ந்து இறங்குவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

உறுதிமொழி முடிந்தது. மோதிரம் மாற்றினார்கள். பையனின் விரல் தடிமன், மோதிரம் ஏறுவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் நிமிர்ந்து நின்று, இன்று முதல் இவர்கள் கணவன் மனைவி என்று அறிவித்தார். கைதட்டல் எழும்ப ஒரு நொடி இருக்கையில், அவரை அறியாமல், மூச்சு விட்டு, அதே சுருதியில் மறுபடியும் அறிவித்தார். இன்று முதல் இவர்கள் கணவன் மனைவி.

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் யாரோ, எந்தப் பிளாட்பாரம்ங்க என்று கேட்க, சிரிப்பு இன்னும் பெரிதானது. அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மகள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் வீட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று, அம்மா குளிக்கிறாள், அம்மா குளிக்கிறாள், என்று கரண்டியை மைக்காகப் பிடித்து இரண்டிரண்டு தடவையாக அறிவித்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பையன் அவளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் அவருக்கு வேலை இல்லை. ஒரு வயதான அம்மாள் வந்து, ரொம்ப நல்லா நடத்தி வச்சீங்க, உங்க நம்பர் கொடுங்க, என் தம்பி பேரனுக்கும் கல்யாணம் வருது என்றாள். இதையே தொழிலா பண்றீங்களா என்றும் கேட்டாள். இல்லீங்க, இதுதான் முதல் தடவை என்றார். அப்படித் தெரியலையே என்று அந்த அம்மாள் பாராட்டிவிட்டுப் போனாள்.

புகைப்படக்காரப் பெண் மேடையில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். பொண்ணோட அப்பா அம்மா வாங்க என்று கூப்பிட்டாள். அவர் கால் ஒரு அடி எடுத்து வைத்தது, அதை அவர் மறுக்க முடியாது. மருந்துக்கடைக்காரரும் அவள் அம்மாவும் ஏறி மகளின் பக்கத்தில் நின்றார்கள். புகைப்படக்காரப் பெண் இவரைப் பார்த்து, சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ஃபேமிலி மட்டும் எடுத்துக்கறேன் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ வந்து அவள் முடியைச் சரிசெய்ய முகத்தை மறைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர்தான் இறங்கி வந்தார். முழங்கையைத் தொட்டு, வாங்க, நீங்களும் நில்லுங்க என்றார்.

"இருக்கட்டுங்க, மைக்கைத் திருப்பிக் கொடுக்கணும்," என்றார் இவர்.

மைக்கைக் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றபோது தன்னையே நொந்துகொண்டார். கூப்பிட்டது அந்த மனுஷன் என்பதால் இருக்கலாம். அவள் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பார். சாப்பாட்டுக்கு ஒலிபெருக்கிக்காரரோடும் புகைப்படக்காரப் பெண்ணின் உதவியாளரோடும் உட்கார்ந்தார். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று ஒலிபெருக்கிக்காரர் அவரோடு வெகுநேரம் பேசினார். அன்றைக்கு இவரோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

கிளம்பும்போது மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். ரொம்ப தேங்க்ஸ்ப்பா என்றாள். வீட்டு மனுஷருக்கு யார் தேங்க்ஸ் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் வேறு என்னவோ சொல்ல வந்தாள், காரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கார் போனதும் இரண்டு வீட்டு ஆட்களும் கலைந்தார்கள். அவர் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே கொஞ்ச நேரம் நின்றார்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மண்டபத்து ஆள் உள்ளறையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சார், கல்யாணம் பண்ணி வச்சவர்தானே நீங்க? வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா? பொண்ணு செருப்பை விட்டுட்டுப் போயிருச்சு."

"நான் பொண்ணோட அப்பா," என்றார்.

மைக் இல்லை. குரல் அவருக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத்தான் வந்தது. அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலைலேர்ந்து யாரும் சொல்லலையே என்று செருப்பை நீட்டினார். இவர் மறுபடி சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

தினமும் போட்டு நடந்த சாதாரணச் செருப்பு. வாசலிலேயே நின்று போன் செய்தார், மணி அடித்து ஓய்ந்தது. ஒரு பழைய காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டு மாடிப்படி ஏறி, காகிதத்தைப் பிரித்து, கதவோரம் தன்னுடைய பழைய செருப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் வைத்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அவள் இடது செருப்பின் குதிகால் வெளிப்பக்கமாக மட்டும் தேய்ந்து சப்பையாகிப் போயிருந்தது. குனிந்து தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார். இடதுதான், வெளிப்பக்கம்தான். அதைத் திரும்ப வைத்தார். இரண்டு ஜோடியும் ஒரே பக்கமாகச் சற்றே சாய்ந்து, கதவைப் பார்த்து நின்றன.