கட்டிலுக்குக் கீழே மாக்கஸ்

வெக்ஸ்போர்ட்டில் செலீனும் கணவர் அகஸ்ரினும் இருந்த அப்பார்ட்மென்ட்டில் ரீவிகூட அடக்கமாகத்தான் ஓடும். அதனால்தான் பூனைக் காப்பகத்துப் பெண் அந்தக் கூச்சக்காரப் பூனையை அவர்களை நம்பிக் கொடுத்தாள். ஒரு வயதுகூட ஆகாத சாம்பல் நிறக் கடுவன். மாக்கஸ் என்ற பெயரும் அங்கே வைத்ததுதான்.

வந்தவன் நேரே கட்டிலுக்குக் கீழே போனான். போனவன் போனவன்தான். ஆளரவம் அடங்கிய பிறகு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவான். அகஸ்ரின் குப்புறப் படுத்து இறால் நீட்டிப் பார்த்தார். மாக்கஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தன் குறட்டைதான் காரணமென்று அகஸ்ரின் படுக்கையைச் சோபாவுக்கு மாற்றினார். செலீன் குசுகுசுவென்று பேசப் பழகினாள்.

ஒரு சனிக்கிழமை அகஸ்ரின் வேலைக்குப் போயிருந்த நேரம், அவருடைய தமையன் அமிர்தநாதர் மில்லிக்கனிலிருந்து போன் எடுத்தார்.

"ஏன் பிள்ளை இரகசியம் பேசிறாய்?"

"மாக்கஸ் கட்டிலுக்குக் கீழ இருக்கிறான், அத்தான். சத்தம் கேட்டால் பயந்திடுவான்."



"ஆர் உவன் மாக்கஸ்?"

"போன மாதம் வந்தவன். இன்னும் கூச்சம் தெளியேல்லை."

"தம்பிக்குத் தெரியுமோ?"

"இவர்தானே காரில கூட்டிக்கொண்டு வந்தவர். இப்ப அவனுக்காக இவர் சோபாவில படுக்கிறார்."

போன் வெட்டுப்பட்டது. லைன் போய்விட்டதாக்கும் என்று செலீன் சமையலைப் பார்க்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் அமிர்தநாதர். அவருக்குப் பின்னால், பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கொண்டுவரப்பட்டவர் போலப் பங்கு ஃபாதர்.

"எங்க அவன்?"

பூனை பார்க்க இவ்வளவு ஆசையா என்று செலீனுக்குச் சந்தோசம். "அறைக்குள்ள, அத்தான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மெதுவாப் போங்கோ."

அந்தக் கோபத்திலும் அவர் சப்பாத்தைக் கழற்றினார். அறைக்குள் போய், முட்டி மடக்கி, ஒருவாறு நிலத்தில் படுத்தார்.

"தம்பி, மரியாதையா வெளிய வாரும். உம்மோட கதைக்க ஃபாதர் வந்திருக்கிறார்."

இருட்டுக்குள் இரண்டு பச்சைக் கண்கள் அவரையே பார்த்தன.

"செலீன், உது பூனை."

"ஓம் அத்தான்."

ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இருமினார். செலீனுக்கு விசயம் பிடிபடக் கொஞ்சம் நேரமெடுத்தது. பிடிபட்டதும் காது வரை சூடேறியது.

அமிர்தநாதர் எழும்பப் பார்த்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. குப்புறக் கிடந்தபடி அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், மாக்கஸ் மெல்ல வெளியே வந்து, அவருடைய காதை முகர்ந்து, முதுகில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டான்.

"முதுகில என்ன?"

"அசையாதேங்கோ, அத்தான். இண்டைக்குத்தான் ஆக்களுக்கு முன்னால வந்திருக்கிறான்."

"எவ்வளவு நேரம் இருப்பான்?" இப்போது அவரும் குசுகுசுத்தார்.

"தெரியேல்லை."

அவள் அவர் கன்னத்துக்குக் கீழே ஒரு தலையணை வைத்துவிட்டு, ஃபாதருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

அகஸ்ரின் வந்தபோது அப்படியேதான் இருந்தார்கள். அவர் அறை வாசலில் நின்று, கம்பளத்தில் கிடந்த தமையனையும் அவர் முதுகில் உறங்கும் பூனையையும் வெகுநேரம் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"இறால் நீட்டினது நான், சோபாவில படுக்கிறது நான்," என்றார்.